வேங்கடச் சுரமும் பாத்திர ஆடலும்

தோற்றுவாய்

பலர் ஒருங்கிருந்து, ஆளுக்கொரு கதைமாந்தராகத் தம்மைக் கருதிக்கொண்டு, சொல்லாலேயே ஒரு கதையை நடத்திச் செல்லும் ஆடல் ஒன்று இக்காலத்து வழங்குகின்றது. 1974ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டினராகிய கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் ஆக்கிய ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ இவ்வகையில் முதற்கண் அச்சேறி விலைக்கு வந்தது. ஆடுவோருள் ஒருவர் கதை நடத்துநர். நிலம், பொழுது, இடையூறு ஆகியவற்றை அவர் எடுத்துரைப்பர். ஏனையோர் தத்தம் மாந்தர் செய்வனவற்றைக் கூறுவர். எடுத்த செயல் முடியுமோ முடியாதோ என ஐயம் எழுமிடத்து, இருபது முகப் பகடை அதனைத் தீர்க்கும்.

இவ்வாடலில் பாலைவனப் பயணம் பெருவழக்கினதாகிய கதைக்களமாகும். அதனைத் தமிழ் மாணவர் தம் நிலத்திற்கேற்ப அமைக்க விழையின், முதலிலேயே ஒரு வினா எழும்: பாலைவனமும் பாலையும் ஒன்றா? ஒன்றெனக் கொள்வார் திணைக்கோட்பாட்டின் உயிர்நிலையை இழப்பர் என்பதும், வேறெனக் கொள்வார் ஆடலுக்கே புதிய வலிமை சேர்ப்பர் என்பதும் திருத்தணி சூழ்ந்த நிலத்தை முன்வைத்து ஈண்டு ஆராயப்படும்.

திரிந்த நிலம்

மேலைப் பாலைவனக் கதைகளுள் 1982இல் வெளிவந்த ‘பாரோ’ குறிப்பிடத்தக்கது. அதன் தொடர்ச்சிகள் இரண்டும் 1983இல் வெளிவந்தன. மூன்றும் 1987இல் ஒரு நூலாயின. மணற்பரப்பும் பிரமிடும் சோலையும் அதன் களங்கள். எனினும் அந்நாடு தொன்றுதொட்டே மணற்காடாக இருந்ததன்று. மன்னன் ஒருவனது சாபத்தால் ஆறு வற்ற, வளநாடு பாழாயிற்று என்பதே கதையின் அடிப்படை.

இது நம் நூல்களொடு வைத்து எண்ணத்தக்கது. தொல்காப்பியர் நான்கு நிலங்களுக்கே தெய்வம் வகுத்தார். பாலைக்குத் தனிநிலம் வகுத்திலர். நண்பகலும் வேனிலுமே அதற்கு உரிய பொழுதுகளாக முற்பட வைத்தார்; பின்பனியும் உரித்தென்றார். முல்லையும் குறிஞ்சியும் தம் நல்லியல்பு இழந்து திரிந்தவழிப் பாலை பிறக்கும் என்பது சிலப்பதிகாரக் காடுகாண் காதையாற் பெறப்படும். ஆகலின் பாலை என்பது ஓர் இடத்தின் பெயர் என்பதினும், ஓர் இடம் அடையும் நிலையின் பெயர் என்பதே பொருந்தும்.

திருத்தணி இதற்குத் தக்க சான்று. முருகன் உறையும் குன்று ஆதலின் அது குறிஞ்சி. ஆயின் கத்திரி வெயிலில் வெப்பம் 40 பாகைக்கு மேல் ஏற, புல் கருகிப் பாறை கனலும்போது, அதே குன்றமே பாலையாகின்றது. எனவே கதை நடத்துநர் மணலைத் தேடிச் செல்லவேண்டா. கார்காலத்தில் மாந்தர் கடந்த மலைவழியையே முதுவேனிலில் மீண்டும் கடக்கச் செய்க. முன்னர் நீர் உண்ட சுனை வறண்டு கிடப்பதைக் கண்டவர்க்குப் பாலையின் பொருள் விளங்கும்.

கருப்பொருளும் ஆட்டவிதியும்

பாலைப்பாட்டில் கருவூலம் பெரிது. அகநானூற்று நானூறு பாடல்களுள் ஒற்றைப்படை எண்ணுடைய இருநூறும் பாலையே. கள்ளி, ஓமை, யா, உகாய் ஆகிய மரங்களும், செந்நாய், பருந்து, பசித்த யானை ஆகிய உயிர்களும், நீரெனத் தோன்றி ஏய்க்கும் பேய்த்தேரும் அங்கு மிகுதி.

ஈண்டு ஓர் இடர்ப்பாடு உண்டு. மேலை ஆட்டவிதியில் மந்திரத்தால் நீரை உண்டாக்கும் ஆற்றல் சில மாந்தர்க்கு உரியது. அதனை அவ்வாறே விடின் நீர்வேட்கை என்னும் இடையூறு முதல் நாளிலேயே அழியும். வழிப்போக்கர் நெல்லிக்காயைச் சுவைத்து வேட்கை தணித்த செய்தி சங்கப்பாட்டில் வருதலின், மந்திரத்தை விலக்கி, நெல்லி மரத்தைக் கண்டறியும் அறிவை அதன் இடத்தில் வைத்தல் தகும். அப்பொழுது நிலத்தை உற்றுநோக்குவார்க்கே உயிர்ப்பயன் கிட்டும்.

நடுகல்லும் அத்தகையதே. அம்பு தீட்டத் தீட்ட எழுத்துத் தேய்ந்த நடுகல்லையும், மழுங்கிய எழுத்து வழிச்செல்வார்க்கு வேறு பொருள் தருதலையும் அகநானூறு காட்டுகின்றது. பிரமிடின் பூட்டிய கதவுக்கு ஈடான புதிர் இதனினும் வேறு வேண்டுமோ? ஆடுவோர் தேய்ந்த பெயரைத் தவறாகப் படிப்பராயின், வழிபடற்குரிய வீரன் வேறொருவனாகி, அவனூரார் பகைவராதலும் கூடும்.

மொழிபெயர் தேயம்

பனம்பாரனார் பாயிரம் வேங்கடத்தைத் தமிழகத்தின் வடவெல்லை என்னும். மாமூலனார் பாடல்களில் தலைவன் கள்வர் தலைவனாகிய புல்லியின் வேங்கடத்தைக் கடந்து, மொழி வேறாகிய நாடுகளுக்குப் பொருள்வயிற் செல்கின்றான். திருத்தணி அவ்வெல்லைப் புலத்தினது. 1959ஆம் ஆண்டின் எல்லை மாற்றச் சட்டத்தின்படி, 1960 ஏப்பிரல் முதல் நாளில் அது சித்தூர் மாவட்டத்தினின்று சென்னை மாநிலத்தொடு சேர்ந்தது. தமிழும் தெலுங்கும் இன்றும் அங்கு ஒருங்கு வழங்குகின்றன. ஆதலின் வேங்கடம் கடந்த மாந்தர்க்கு வாளினும் மொழியே முதற்றேவை என நடத்துநர் அமைத்தல் நிலத்தியல்புக்கு ஒக்கும். வழிப்பறி செய்வாரை வெல்லுதலினும், அவர்தம் மொழியறிந்த ஒருவரைத் துணைக்கொள்ளுதல் அரிய செயலாகும்.

உரிப்பொருள்

மேற்கூறியன யாவும் முதலும் கருவுமே. பாலைக்கு உரிப்பொருள் பிரிவு. மேலைக் கதையில் செல்வோர் உண்டு. வீட்டில் இருந்து வருந்துவோர் பெரும்பாலும் இலர். அகப்பாட்டிலோ சுரத்தின் கொடுமையைப் பலகாலும் கூறுவோர், அச்சுரத்தைக் காணாத தலைவியும் தோழியுமே. ஆகவே ஆடுவோருள் ஒருவர் பிரிந்திருப்பார் கூற்றையும் ஏற்றல் வேண்டும். சுரத்தில் ஒருநாள் கழியுந்தோறும் ஊரில் ஒரு காட்சி நிகழ்க. ஆண்டு அவர் அஞ்சிக் கூறும் இடையூறே மறுநாள் சுரத்தில் எதிர்ப்படுமாறு நடத்துநர் அமைப்பாராயின், பிரிவின் துயரே கதையை நடத்தும்.

தலைவன் செலவழுங்குதல் செல்லாமை அன்று, தலைவியைத் தேற்றுதற்பொருட்டே என்பது தொல்காப்பிய மரபு. எனவே ஆடலின் தொடக்கத்தில் ஒரு தயக்கக் காட்சி அமைதல் சிறக்கும்.

முடிபு

அகப்பாட்டு ஒருவர் கூற்றாய் ஒரு கணத்தில் நிற்பது. ஆடல் பலர் கூற்றாய் முடிவறியாது செல்வது. இவ்வேறுபாட்டை மறந்து இரண்டையும் ஒன்றெனல் பிழையாகும். எனினும் முதல், கரு, உரி என்னும் பகுப்பு, முடிந்த பாட்டை விளக்கும் கருவி மட்டும் அன்று, புதிய கதையைப் படைத்தற்கும் உதவும் அளவுகோல் என்பது இவ்வாற்றாற் புலனாம். மணலை அகற்றினும் பாலை எஞ்சும். பிரிவை அகற்றின் மணலே எஞ்சும்.