கொஞ்சம் இறங்கி வாங்க, ஸார்!

கார் வாங்குகிற வரைக்கும் பையன்களுக்கு ஒரே கவலைதான்... காசு! வாங்கிய மறுநாளே இன்னொரு கவலை வந்துவிடுகிறது. வண்டி 'ஒசரமா நிக்குது'! டயருக்கும் மேலே இருக்கிற மட்கார்டுக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி இருக்கிறதே, அது அவர்களைத் தூங்க விடாது. ரேஸ் கார் மாதிரி தரையோடு தரையாகப் பதுங்க வேண்டுமாம். அதற்கென்றே 'லோயரிங் ஸ்பிரிங்' என்று ஒன்று விற்கிறார்கள். சாதா ஸ்பிரிங்கை விடக் குட்டை, சாதா ஸ்பிரிங்கை விட முரடு. விலை மட்டும் சாதா இல்லை.

ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் ஃபெராரி, போர்ஷே என்று கற்பனை பண்ணாதீர்கள். மதுரையில் மாதச் சம்பளக்காரனின் ஸ்போர்ட்ஸ் கார் என்பது செகண்ட் ஹேண்டில் வருகிற ஸ்விஃப்ட், 1.6 லிட்டர் பாலியோ, கொஞ்சம் தெம்பு இருந்தால் போலோ. என் மச்சினன் வாங்கியது ஸ்விஃப்ட். முதல் சர்வீஸ் முடிந்த கையோடு வந்து நின்றான்.

"மாமா, கையில எட்டாயிரம் இருக்கு. லோயரிங் ஸ்பிரிங் செட்டுக்குப் பத்தாது. இருக்கிற ஸ்பிரிங்குலயே ரெண்டு சுத்து வெட்டிட்டா வண்டி சும்மா பதுங்கிருமாம். ஐநூறு ரூபாதான். மிச்சத்துக்கு ஸ்டிக்கர் ஒட்டிக்கலாம்!"

காளவாசல் பக்கம் எனக்குத் தெரிந்த மெக்கானிக் பாய் ஒருவர் இருக்கிறார். அம்பாசிடர் காலத்து ஆள். சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே டீயைக் குடித்து முடித்தார்.

"வெட்டலாம் தம்பி. ஆக்ஸா பிளேடு எங்கிட்ட இருக்கு. ஆனா வெட்டுனா குட்டையாக மட்டும் ஆகாது, கெட்டியாவும் ஆகும். ஆறு சுத்துல ரெண்டை வெட்டுனா பாதிக்குப் பாதி கெட்டி ஏறிரும். பள்ளத்துல விழுந்தா ஸ்பிரிங் வாங்காது, உன் முதுகெலும்பு வாங்கும்!"

பாய் சொன்னது சரியான கணக்கு. ஸ்பிரிங் என்பது சுருட்டி வைத்த ஒரு கம்பி. சுற்று குறைந்தால் முறுக்கிக்கொடுக்கக் கம்பி குறைகிறது, அவ்வளவுதான். ஆறு சுற்று செய்த வேலையை நாலு சுற்று செய்தால் ஒன்றரை மடங்கு விறைப்பு.

அதாவது பரவாயில்லை, முதுகோடு போகும். ஆபத்து வேறு இடத்தில். ஸ்பிரிங்கின் இரண்டு நுனியும் கிண்ணத்தில் பாந்தமாக உட்காருகிற மாதிரி கம்பெனியில் வளைத்திருப்பார்கள். வெட்டின நுனி உட்காராது, முட்டிக்கொண்டு நிற்கும். பள்ளம் தாண்டும்போது சக்கரம் ஒரு நொடி தொங்குகிறதே, அப்போது குட்டை ஸ்பிரிங் கிண்ணத்தை விட்டு லூஸாகும். திரும்பச் சக்கரம் மேலே வரும்போது பழைய இடத்தில்தான் உட்காரும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. நாலு வழிச் சாலையில் மேலூர் பக்கம் எண்பதில் போகும்போது அது கோணலாக உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

வெட்டாமலே குட்டையாக்க இன்னொரு வழி சொல்வார்கள். கேஸ் வெல்டிங் டார்ச்சை ஸ்பிரிங்கில் காட்டினால் பழுத்து, வண்டி தானாகவே இறங்குமாம். இறங்கும்தான். சூடேற்றிப் பதம் பண்ணின இரும்பு அது. மறுபடி சிவக்கக் காய்ச்சினால் பதம் போய், வெறும் கம்பியாகிவிடும். இன்றைக்கு இரண்டு அங்குலம் இறங்கின வண்டி, அடுத்த மாதம் தானாகவே இன்னும் இறங்கும். ஒரு பக்கம் மட்டும்!

சரி, காசு சேர்த்து ஒழுங்கான ஸ்பிரிங்கே வாங்கினால்? அப்போதும் ஷாக் அப்ஸார்பர் கேள்வி இருக்கிறது. நம்ம பாஷையில் சொன்னால் ஸ்பிரிங் காளை, ஷாக் அப்ஸார்பர் மூக்கணாங்கயிறு. பாலமேட்டுக் காளையைக் கொண்டுவந்து, எட்டு வருஷம் நைந்த கயிற்றில் கட்டினால் கயிறு என்ன ஆகும்? ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடின வண்டியில் ஷாக் அப்ஸார்பர் ஏற்கெனவே பாதி உயிர். அதில் முரட்டு ஸ்பிரிங்கை மாட்டினால் வண்டி தவ்விக்கொண்டே போகும். தவ்வுகிற டயர் ரோட்டைப் பிடிக்காது, பிரேக்கும் பிடிக்காது.

அடுத்தது ஸ்பீடு பிரேக்கர். இதைப் பேப்பரில் கணக்குப் போட்டு மச்சினனிடம் காட்டினேன். ஸ்விஃப்டின் வயிற்றுக்கும் தரைக்கும் 170 மில்லிமீட்டர், அதாவது 17 சென்டிமீட்டர். நாலு பேர் ஏறினால் ஒரு நாலு சென்டிமீட்டர் போகும். ஸ்பிரிங் மாற்றி மூணு இறக்கினால் மீதி பத்து. இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1988-ல் போட்ட விதிப்படி ஸ்பீடு பிரேக்கரின் உயரமும் அதே பத்து!

இதில் ஒரு வேடிக்கை. அந்த விதிப்படி அது 3.7 மீட்டர் அகலத்துக்கு மெல்ல ஏறி மெல்ல இறங்க வேண்டும். ஸ்விஃப்டின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே 2.43 மீட்டர்தான் என்பதால், மேட்டின் உச்சியில் இரண்டு சக்கரமும் மேட்டின் மேலேயே நிற்கும். வயிற்றுக்கு நடுவில் நாலு சென்டிமீட்டர் சொச்சம்தான் நெருங்கும். தாழ்ந்த கார்கூட ஜம்மென்று போய்விடும். ஆனால் நம்ம தெருக்களில் இருப்பது விதி போட்ட மேடா? விடிவதற்குள் ஒரு மூட்டை சிமென்ட்டில் தெருக்காரர்கள் போட்ட மேடு! ஒரு முழ அகலம், சுவர் மாதிரி ஏற்றம். அதில் முழுப் பத்து சென்டிமீட்டரும் வயிற்றுக்கு நேராக வரும். எண்ணெய்த் தொட்டிக்கு நேராக என்றும் படிக்கலாம்.

"அப்ப ஒரு சென்டிமீட்டராவது எறக்கலாமா மாமா?" என்றான். விடாக்கண்டன்!

"தாழ்ந்தா வளைவுல பிடிப்பு ஜாஸ்தி" என்பது இந்தப் பையன்களின் அடுத்த வாதம். முழுப் பொய் இல்லை. காரின் எடை மையம் தரையிலிருந்து ஐம்பது, ஐம்பத்தைந்து சென்டிமீட்டரில் இருக்கிறது. மூணு இறக்கினால், வளைவில் வெளிச் சக்கரத்துக்குப் பாய்கிற பாரம் நூற்றுக்கு ஐந்தோ ஆறோ குறையும். அவ்வளவுதான் லாபம். இன்னொரு பக்கம், சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கிற 'ஆர்ம்' சாய்வு மாறிப்போவதால், வளைவில் பாடி சாயப் பார்ப்பது கூடவும் செய்யலாம். ஸ்பிரிங் கெட்டியாக இருப்பதால் அது வெளியே தெரிவதில்லை.

கோயம்புத்தூர்க்காரர்கள் கோபிக்கலாம். சின்ன பட்ஜெட்டில் தாழ்ந்த கார் என்பதை நம்ம நாட்டுக்குக் கற்றுக்கொடுத்தவரே அந்த ஊர் கரிவரதன்தான். மாருதி 800 இன்ஜினை வைத்து ஒற்றை ஸீட் ரேஸ் கார்களை உருவாக்கிப் பையன்களை ஓட்டவைத்தார். 1995-ல் விமான விபத்தில் இறந்தார். செட்டிப்பாளையத்து ரேஸ் டிராக்குக்கு இன்று அவர் பெயர்தான். ஆனால் அவர் செய்த கார் முதலிலேயே தாழ்வாகப் பிறந்த கார், ஓடியதும் டிராக்கில். அங்கே ஸ்பீடு பிரேக்கரும் கிடையாது, ஆர்.டி.ஓ.வும் கிடையாது!

ஆமாம், ஆர்.டி.ஓ. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த அளவுகளை மாற்றாதே என்கிறது. கேரளத்து வழக்கு ஒன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே அழுத்திச் சொன்னது. அதே வருஷம் வந்த திருத்தத்தில், ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை உள்ளே, அல்லது இரண்டும். குனிந்து பார்த்து ஸ்பிரிங்கை எண்ணுகிற போலீஸ்காரர் அபூர்வம்தான். ஆனால் விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் சர்வேயர் குனிவார். அது அவர் தொழில்.

எட்டாயிரத்துக்கு என்ன செய்யலாம்? பாய் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். "முன்னாடி ரெண்டு ஷாக் அப்ஸார்பரும் முடிஞ்சிருச்சு. ஆர்ம் புஷ் கிழிஞ்சிருக்கு. இதை மாத்து, அலைன்மென்ட் பாரு. வண்டி வளைவுல பேசும். ஸ்டிக்கர் அப்புறம்." மச்சினன் முகம் சுருங்கியது. ஆனாலும் சம்மதித்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலை ஆரம்பித்தது. வீட்டிலேயே ஸ்பானரைத் தூக்குகிற இளைஞர்கள் இந்த இடத்தைக் கவனமாகப் படிக்கவும். ஷாக் அப்ஸார்பரோ ஸ்பிரிங்கோ, எதை மாற்றினாலும் மொத்தச் செட்டையும் கழற்றி, ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கிற கம்ப்ரஸர் கருவியை மாட்ட வேண்டும். பிறகுதான் உச்சி நட்டைத் தொட வேண்டும். முன் சக்கரம் ஒவ்வொன்றும் சுமார் 300 கிலோ சுமக்கிறது. அதைத் தாங்குகிற ஸ்பிரிங் கழற்றி வைத்த நிலையிலும் அமுங்கித்தான் இருக்கும். கம்ப்ரஸர் இல்லாமல் நட்டை எடுத்தால் துப்பாக்கிக் குண்டுக்குச் சமானம். பாய் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டுதான் நட்டைச் சுற்றினார். இத்தனை வருஷ அனுபவத்துக்கு அப்புறமும்!

எல்லாம் மாட்டியான பின் ஆர்ம் போல்ட்டை இறுக்கவில்லை. வண்டியை ஜாக்கியிலிருந்து இறக்கி, முன்பக்கத்தை நாலு தரம் அமுக்கி ஆட்டி, நாலு சக்கரமும் தரையில் நின்ற பிறகுதான் இறுக்கினார். தொங்கும்போது இறுக்கினால் புஷ்ஷின் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியுமாம். அங்கிருந்து நேராக அலைன்மென்ட் கடைக்குப் போகச் சொன்னார். "இருநூறு, முன்னூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு இன்னொரு தடவை பாத்துரு தம்பி. புது சாமான் கொஞ்சம் உட்காரும்."