பிரசவ அறையில் நடந்ததை யார் சொல்வது?

1996 ஆகஸ்டில் சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் 29 வாரத்திலேயே ஒரு பெண் குழந்தை பிறந்தது. எடை 1,250 கிராம். இவ்வளவு குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைக்கு விழித்திரையின் ரத்தக் குழாய்கள் முழுதாக வளர்ந்திருக்காது. பிறந்தபின் அவை தாறுமாறாகப் படர்ந்து விழித்திரையையே இழுத்துப் பிரித்துவிடக்கூடும். முதல் சில வாரங்களுக்குள் கண் மருத்துவர் பார்த்துவிட்டால் பார்வையைக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. அந்தப் பரிசோதனை நடக்கவில்லை. அப்படி ஒன்று தேவை என்று பெற்றோரிடம் சொல்லவும் இல்லை. குழந்தைக்குப் பார்வை போயிற்று. தேசிய நுகர்வோர் ஆணையம் 2009இல் 5 லட்சம் ரூபாய் தரச் சொன்னது. உச்ச நீதிமன்றம் 2015 ஜூலையில் அதை ஏறத்தாழ 1.8 கோடியாக உயர்த்தியது. தீர்ப்பு வந்தபோது அந்தக் குழந்தைக்கு 18 வயது முடிந்து 19 நடந்துகொண்டிருந்தது.

இது வென்ற வழக்கு. வென்றவர்களுக்கே இந்த நிலை என்றால், பாதி வழியில் களைத்துப்போனவர்களை நினைத்துப் பாருங்கள். பிரசவத்தில் தாயோ குழந்தையோ பாதிக்கப்பட்டால் குடும்பத்துக்கு உடனடியாக வேண்டியவை இரண்டு: என்ன நடந்தது என்ற உண்மையும், இனி வரும் செலவுக்குப் பணமும். நம் சட்டமோ இரண்டையும் ஒரே முடிச்சாகக் கட்டி வைத்திருக்கிறது. மருத்துவர் தவறு செய்தார் என்று நிரூபித்தால்தான் பணம். அதை நிரூபிக்கத் தேவையான கேஸ் ஷீட் இருப்பது மருத்துவமனையின் கையில். அதைப் படித்துக் கருத்துச் சொல்ல வேண்டியவரும் இன்னொரு மருத்துவர். தவறை ஒப்புக்கொண்டால் வழக்கில் தோற்போம் என்று தெரிந்தபின் எந்த மருத்துவமனை வாய் திறக்கும்? மருத்துவர்களில் பலர் நல்லவர்கள்தான். ஆனால் நல்லவரையும் மௌனியாக்குகிற ஏற்பாடு இது. இந்த முடிச்சை அவிழ்க்காமல் தண்டனையை மட்டும் கூட்டிக்கொண்டே போவதால் அடுத்த தாய்க்கு ஒரு பாதுகாப்பும் வந்துவிடாது என்பதே என் வாதம்.

ஜப்பான் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டது. ஃபுகுஷிமா மாகாணத்தின் ஓனோ மருத்துவமனையில் 2004 டிசம்பரில், கருப்பையோடு ஒட்டி வளர்ந்திருந்த நஞ்சைப் பிரிக்கும்போது உதிரப்போக்கு நிற்காமல் ஒரு தாய் இறந்தார். அங்கே இருந்த ஒரே மகப்பேறு மருத்துவரை 2006 பிப்ரவரியில் போலீஸ் கைது செய்தது. நாடெங்கும் மருத்துவர்கள் கொதித்தார்கள். 2008 ஆகஸ்டில் நீதிமன்றம் அவரை விடுவித்தது. அதற்குள் மகப்பேறு மருத்துவம் என்றாலே அஞ்சும் நிலை அங்கே முற்றியிருந்தது. இறந்த தாயின் குடும்பத்துக்கோ அந்த விடுதலை எந்த ஆறுதலையும் தந்திருக்க முடியாது.

2009 ஜனவரியில் ஜப்பான் ஒரு புதுத் திட்டத்தைத் தொடங்கியது. பிரசவத்தோடு தொடர்புடைய கடுமையான மூளை முடக்குவாதம் குழந்தைக்கு வந்தால், யார் தவறு என்று கேட்காமலே மொத்தம் 3 கோடி யென் கிடைக்கும்: முதலில் 60 லட்சம், பிறகு 20 ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் 12 லட்சம். இதற்கான காப்பீட்டுத் தொகை தொடக்கத்தில் ஒரு பிரசவத்துக்கு 30,000 யென்; அதற்கு ஈடாக அரசின் மகப்பேறு உதவித்தொகை உயர்த்தப்பட்டது. பணத்தைவிட முக்கியம் அடுத்த படி. ஒவ்வொரு குழந்தையின் கேஸ் ஷீட்டையும் வல்லுநர் குழு வரிவரியாகப் படிக்கிறது. குழந்தையின் இதயத்துடிப்பைப் பதியும் சி.டி.ஜி. தாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கோடு துடிப்பு, இன்னொரு கோடு வலி. வலி உச்சத்தைத் தாண்டிய பிறகு துடிப்பு இறங்கி, மெல்ல மீண்டு, அடுத்த வலியிலும் அப்படியே இறங்கினால் குழந்தைக்கு ஆக்சிஜன் போதவில்லையோ என்று சந்தேகிக்க வேண்டும். அந்த நேரத்தில் வலி வரச் செய்யும் டிரிப்பைக் குறைத்தார்களா, கூட்டினார்களா? மருத்துவரை எத்தனை மணிக்குக் கூப்பிட்டார்கள்? அவர் வந்து எவ்வளவு நேரத்தில் சிசேரியன் தொடங்கியது? இப்படி ஆராய்ந்து எழுதிய அறிக்கை பெற்றோருக்கும் மருத்துவமனைக்கும் போகிறது. பெயர்களை நீக்கிய சுருக்கம் பொதுவில் வெளியாகிறது. சி.டி.ஜி. தாளைத் தவறாகப் படிப்பதும், வலி மருந்தை வழிகாட்டுதலுக்கு மாறாக ஏற்றுவதும் மருத்துவமனைக்கு மருத்துவமனை திரும்ப வருவது இந்த அறிக்கைகளை அடுக்கிப் பார்த்ததால்தான் தெரிந்தது. தனித்தனி வழக்குகளாகக் கிடந்திருந்தால் அது யார் கண்ணிலும் பட்டிருக்காது.

அப்படியானால் தவறு செய்தவர் தப்பிவிட மாட்டாரா என்ற கேள்வி நியாயமானது. ஜப்பானில் பெற்றோர் வழக்குப் போடும் உரிமையை இழப்பதில்லை. அறிக்கையையே சான்றாகக் காட்டலாம். குடித்துவிட்டு வந்தவரையும், கூப்பிட்டும் வராதவரையும் சட்டம் தண்டிக்கட்டும். நம் உச்ச நீதிமன்றமும் 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில், மிகக் கடுமையான அலட்சியம் மட்டுமே குற்றவியல் வழக்காகும் என்று வரையறுத்திருக்கிறது. ஜப்பானின் திட்டத்துக்கு ஒரு பெரிய குறை உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். கருப்பை கிழிந்தோ, ஆசனவாய்த் தசை அறுந்தோ வாழ்நாள் முழுக்கத் துன்பப்படும் தாய்க்கு அதில் இடமில்லை. இதில் நியூசிலாந்து ஒரு படி முன்னே போய், பிரசவத்தில் தாய்க்கு ஏற்படும் பல காயங்களை 2022 அக்டோபர் முதல் தன் விபத்து இழப்பீட்டுத் திட்டத்தில் சேர்த்துக்கொண்டது.

நம் ஊரில் பணத்துக்கு எங்கே போவது என்பார்கள். இழப்பீட்டு நிதிக்குக் காலம் ஆகலாம். ஆனால் உண்மையை எழுதி வைக்கப் பெரிய நிதி வேண்டியதில்லை. தாய் இறந்தால் ஏன் இறந்தார் என்று தணிக்கை செய்யும் வழக்கம் தமிழ்நாட்டில் 1990களிலேயே வேரூன்றியது. மகப்பேறு மரணத்தில் இந்தியா உயிருடன் பிறக்கும் லட்சம் குழந்தைகளுக்கு 97 என்று நின்ற 2018-20 கணக்கில் தமிழ்நாடு 54க்கு இறங்கியிருந்ததில் அந்தத் தணிக்கைக்கும் பங்கு உண்டு என்றே நான் கருதுகிறேன். அதே தணிக்கை, உயிர் பிழைத்தும் உடல் சிதைந்த தாய்மாருக்கும் மூச்சுத்திணறிப் பிறந்த குழந்தைகளுக்கும் வர வேண்டும். அதன் முடிவு குடும்பத்தின் கைக்கும் போய்ச் சேர வேண்டும். இன்றைக்கே ஒரு விதி கைவசம் இருக்கிறது: நோயாளியோ அவருக்காக உரியவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவேடுகளைத் தர வேண்டும் என்று 2002இன் மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்கின்றன. கேட்பதை எழுத்தில் கேளுங்கள், சி.டி.ஜி. தாளையும் சேர்த்துக் கேளுங்கள்.