ஏலத்தைத் துளைப்பது எந்த அந்து?

உடும்பன்சோலை, வண்டன்மேடு பக்கமும் பாலக்காட்டின் நெல்லியாம்பதியிலும் ஏலம் பயிரிடுவோருக்குத் தண்டு துளைப்பானை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நடுக்குருத்து காய்ந்து நிற்கும். தண்டில் ஒரு துளை இருக்கும்; அதன் வாயில் ஈர மரத்தூள் போலப் புழுவின் எச்சம் தள்ளியிருக்கும். துளை விழுந்த காயை உடைத்தால் விதை காலியாகியிருக்கும். அந்தப் புழு கூட்டுப்புழுவாகி, சிறகு விரித்தால் இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்றே கூடுதலான மஞ்சள் அந்துப்பூச்சியாக வெளிவருகிறது. சிறகெங்கும் கரும்புள்ளிகள். ஆமணக்குக் காயைத் துளைக்கும் அந்தும் பார்வைக்கு இப்படியேதான். அதனால் 1854-இல் கெனே விவரித்த கொனோகெதஸ் பங்டிஃபெராலிஸ் என்ற ஒரே பெயரில் நம் நாட்டில் இரண்டும் நெடுங்காலம் எழுதப்பட்டன. ஷஷாங்க் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2018-இல் ஏலத்தின் அந்தைத் தனி இனமாகப் பிரித்து, சஹ்யாத்ரி மலையின் பெயரால் கொனோகெதஸ் சஹ்யாத்ரியென்சிஸ் என்று அழைத்தார்கள்.

இந்தப் பிரிப்பு சரியானது என்பதே என் கருத்து. தின்னும் செடி வேறு என்பதால் இனமும் வேறாகிவிடுமா என்று கேட்கலாம். ஆகாது, ஒரே இனப் புழு பல செடிகளைத் தின்பது சாதாரணம், உணவுக்கேற்ப அந்தின் பருமனும் நிறமும்கூடச் சற்று மாறும். ஆனால் இனப்பெருக்க உறுப்புகளின் அமைப்பு உணவால் அப்படி மாறிவிடுவதில்லை. அந்த உறுப்புகளை நுண்ணோக்கியில் ஒப்பிட்டபோது வேறுபாடு தெரிந்தது. மைட்டோகாண்ட்ரியாவின் சிஓஐ மரபணுவும் இரண்டையும் தனித்தனியாகவே காட்டியது. இந்த மரபணு தாய்வழியில் மட்டும் வருவது. அதை மட்டும் நம்பி இனம் பிரிப்பது சரியல்ல என்ற ஆட்சேபம் நியாயமானதே. இங்கே உடலமைப்பு, மரபணு, உணவு ஆகிய மூன்று சான்றுகளும் ஒரே இடத்தில் கோடு போடுகின்றன, அதுதான் வலு. ஜப்பானிலும் இதே பேரினத்தில், பழம் துளைப்பதிலிருந்து பைன் குடும்ப மரங்களைத் தின்னும் அந்து 2006-இல் கொனோகெதஸ் பினிகோலாலிஸ் என்று பிரிக்கப்பட்டது.

பெயர் மாறினால் விவசாயிக்கு என்ன லாபம், தெளிக்கும் மருந்து அதேதானே என்பது அடுத்த கேள்வி. இன்றைய தெளிப்புக்கு வித்தியாசமில்லை. புழு தண்டுக்குள் போகும் முன் தெளித்தால்தான் பலன், அது எந்த இனமானாலும். வித்தியாசம் அடுத்த பருவத்தில்தான் தெரியும். அந்து எங்கிருந்து தோட்டத்துக்கு வருகிறது? பழைய பெயரை நம்பினால் சந்தேகம் ஆமணக்கின் மேல் விழும், தேவையில்லாமல் அதை வெட்டுவார்கள். இனக்கவர்ச்சிப் பொறியின் கதையும் இதுதான். பங்டிஃபெராலிஸ் பெண் அந்தின் கவர்ச்சி வாசனை 1982-இல் கண்டறியப்பட்டது. அதில் இரண்டு பொருள்கள் குறிப்பிட்ட விகிதத்தில் கலந்திருக்கின்றன. ஆமணக்கு அந்துக்கென்று செய்த வாசனையை ஏலத்தோட்டத்தில் தொங்கவிட்டு, பொறி காலியாக இருக்கிறது, அந்தே இல்லை என்று முடிவு கட்டினால் ஏமாந்துபோவோம். இஞ்சியையும் மஞ்சளையும் துளைக்கும் புழுக்களையும் பழைய பெயரிலேயே எழுதி வந்திருக்கிறோம். ஒவ்வொரு செடியின் புழுவையும் தனியே வளர்த்து, வெளிவரும் அந்தைச் சோதித்த பிறகே அதற்குப் பெயர் எழுத வேண்டும்.