வண்டல் அள்ளும் முன் சேற்றைச் சோதியுங்கள்!

கோடையில் ஏரி வற்றிவிட்டால், வண்டல் அடிக்க டிராக்டர்கள் வரிசைகட்டும். வண்டல் விழுந்த நிலத்துக்குத் தனித் தெம்பு உண்டு. ஆனால், பாலாற்றை ஒட்டிய வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை பகுதிகளில் இந்த வேலையைக் கண்ணை மூடிக்கொண்டு செய்ய முடியாது.

காரணம், குரோமியம். தோல் பதனிட இதன் உப்பைத்தான் பயன்படுத்துகிறார்கள். பல ஆண்டுகளாகச் சுத்திகரிக்காத கழிவுநீர் பாலாற்றிலும் நீர்நிலைகளிலும் கலந்தது. இது தொடர்பான வழக்கில், 1996-ம் ஆண்டு உச்ச நீதிமன்றம் கண்டிப்பான தீர்ப்பு வழங்கியது. தண்ணீர் வெள்ளத்தோடு ஓடிவிடும், உலோகம் அப்படியல்ல. நுண்ணிய களிமண்ணில் ஒட்டிக்கொண்டு சேற்றிலேயே தங்கிவிடும். நாம் விரும்பி அள்ளுவதும் அந்த மெல்லிய களியைத்தான்!

நிறத்தையோ வாசனையையோ வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஆய்வகம்தான் சொல்ல வேண்டும். அங்கே சேற்றை அமிலத்தில் கரைத்து உலோகத்தை அளக்கிறார்கள். ஒரு கிலோ உலர்ந்த சேற்றில் 111 மில்லிகிராமுக்கு மேல் குரோமியம் இருந்தால், அடிச்சேற்றில் வாழும் உயிர்களுக்குப் பாதிப்பு வர வாய்ப்பு அதிகம் என்பது வட அமெரிக்காவில் வகுக்கப்பட்ட ஓர் அளவுகோல். இது நீர்வாழ் உயிர்களுக்கானது. பயிருக்கான வரம்பு அல்ல.

அளவு மட்டும் போதாது. மூன்று இணைதிறன் குரோமியத்தைவிட ஆறு இணைதிறன் குரோமியம் பல மடங்கு நஞ்சு. அதனால் உயிரை வைத்தும் சோதிக்கிறார்கள். மீன் வளர்ப்பவர்கள் அறிந்த ரத்தப்புழுவை அந்தச் சேற்றில் விட்டு, மேலே நல்ல தண்ணீர் ஊற்றி, 10 நாள் கழித்து எத்தனை பிழைத்தன, எவ்வளவு வளர்ந்தன என்று சுத்தமான சேற்றோடு ஒப்பிடுகிறார்கள்.

காட்மியம், ஈயம், துத்தநாகம் போன்றவற்றில் இன்னொரு சிக்கல். காற்றில்லாத சேற்றில் இவை சல்பைடாகக் கட்டுண்டு கிடக்கும். வயலில் பரப்பிக் காயவிட்டால், காற்றுப் பட்டு அந்தக் கட்டு அவிழும். ஏரியில் சும்மா கிடந்தது, வயலில் வேர்வரை வரலாம்.

மாதிரி எடுக்க இரும்பு மண்வெட்டி வேண்டாம். பிளாஸ்டிக் கரண்டியே நல்லது. கழிவுநீர் நுழையும் இடம், நடு ஏரி, மதகடி எனப் பல இடங்களில் எடுத்து, தனித்தனிப் பையில் இடம் எழுதிக் கட்டுங்கள். கழிவு கலக்காத மேல் ஏரியின் வண்டலும் ஒரு பை இருக்கட்டும். ஒப்பிட அதுதான் உதவும்.

வழக்கமான மண் பரிசோதனையில் தழை, மணி, சாம்பல் சத்துகளைத்தான் பார்ப்பார்கள். குரோமியம், காட்மியம், ஈயம் வேண்டும் என்று தனியாகக் கேட்க வேண்டும். முடிவு கைக்கு வரும்வரை அந்த ஏரியின் வண்டலைக் கீரை, கிழங்கு போடும் நிலத்தில் கொட்ட வேண்டாம்.