வரிச்சலுகையும் விருப்ப ஓய்வும்

எங்க ராயப்பன்பட்டித் திராட்சைக் கொடி பந்தலை விட்டுப் போகாது, மூலதனம் போகும். அதைப் பிடித்து வைக்கவே வரிச்சலுகை என்பது அரசின் சொல்லாடல். ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையை எடுத்துக்கொள்வோம். 2005இல் தமிழக அரசோடு ஒப்பந்தம், 2006இல் உற்பத்தி. உள்நாட்டு விற்பனைக்குக் கட்டிய வரியை மாநில அரசு திருப்பித் தந்தது. சிறப்புப் பொருளாதார மண்டலத்திலோ அப்போது ஏற்றுமதி லாபத்துக்கு முதல் 5 ஆண்டு வருமான வரி இருக்கவில்லை. அடுத்த 5 ஆண்டு பாதி. ஆக, சலுகையின் அளவுகோல் லாபம். எத்தனை பேருக்கு எத்தனை வருஷம் வேலை என்பதல்ல.

2013இல் வரி வழக்கு, சொத்து முடக்கம். 2014இல் நோக்கியாவின் கைபேசிப் பிரிவை வாங்கிய மைக்ரோசாஃப்ட் இந்த ஆலையை வாங்கவில்லை. நவம்பர் 1இல் உற்பத்தி நின்றது. அதற்குள் ஆயிரக்கணக்கான இளந்தொழிலாளர்கள் 'விருப்ப ஓய்வு' எழுதிக் கொடுத்திருந்தார்கள். யாருடைய விருப்பம்? வரி கேட்டதால்தான் ஆலை போச்சு என்கிறார்கள். விட்டுக்கொடுத்த வரி பொதுப்பணம். அதற்கு ஈடாக வேலைக்கு உத்தரவாதம் எழுதி வாங்கினால்தான் அது ஒப்பந்தம், இல்லாவிட்டால் தானம்.