டைமிங் பெல்ட்டை மாற்றும் காலம் எது?

நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் கணக்குகளை நாம் ஆய்வு செய்தபோது, "வண்டிக்கு டைமிங் பெல்ட் மாற்றிய வகையில்" என்று எழுதப்பட்ட வவுச்சர் ஒன்று அகப்பட்டது. அச்சங்கத்துக்கு ஒரு மோட்டார் சைக்கிளும் ஒரு ஸ்கூட்டரும் உண்டு. எந்த வண்டிக்கு என்பது சீட்டில் இல்லை. அந்த மோட்டார் சைக்கிளின் இயந்திரத்தில் பெல்ட் கிடையாது, சங்கிலியே உண்டு என்பதை நாம் அறிந்திருந்தபடியால், இல்லாத உறுப்பை மாற்றியதாகச் செலவு காட்டப்பட்டிருக்கிறது என்று ஆட்சேபணை எழுதிவிட்டோம். காரியதரிசி வாழ்நாளெல்லாம் தறியில் இருந்தவர். அவர் மறுத்து ஒரு சொல்லும் கூறவில்லை. முகம் மட்டும் வாடிவிட்டது. மறுநாள் எம்மைப் பட்டறைக்கே அழைத்துச் சென்றார். மெக்கானிக் மேசைக்கடியிலிருந்து ஒரு பழைய பெல்ட்டை இழுத்துப் போட்டார். ஓரம் பிய்ந்து, உட்புறம் வெடிப்பு விட்டிருந்தது. அது ஸ்கூட்டரின் பின்சக்கரத்தை ஓட்டும் பெல்ட். "எந்தப் பெல்ட்டையும் நாங்கள் டைமிங் பெல்ட் என்றுதான் சொல்லுவோம், ஐயா" என்றார் அவர். ஆட்சேபணையை நம் கையாலேயே அடித்தோம். பிழையில் பாதி அச்சொல்லினுடையது; மற்றப் பாதி நம் அவசரத்தினுடையது. ஆகவே அச்சொல்லின் பொருளை இங்கே விளக்க முற்படுகிறோம்.

தறியில் அமர்ந்தவர்க்கு 'டைமிங்' என்பது புதிய செய்தியன்று. பாவிழைகள் மேலும் கீழுமாகப் பிரிந்து வழிவிட்ட பின்னரே நாடா பாயவேண்டும். வழி திறக்குமுன் பாய்ந்தால் இழைகள் அறும். விசைத்தறியில் இவ்வொழுங்கைக் காப்பது மேல்தண்டையும் அடித்தண்டையும் இணைக்கும் பற்சக்கரங்களாகும். மேல்தண்டு இருமுறை சுற்றினால் அடித்தண்டு ஒருமுறை சுற்றும். நான்கு வீச்சு மோட்டார் இயந்திரத்திலும் கணக்கு இதுவே. பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்குத் தண்டு இரண்டு சுற்றுச் சுற்றுவதற்குள், வால்வுகளைத் திறந்து மூடும் காம் தண்டு ஒரு சுற்று முடிக்கவேண்டும். இவ்விரண்டையும் பிணைப்பதற்குப் பற்சக்கரம், சங்கிலி, பல் வைத்த ரப்பர் பெல்ட் என மூன்று வழிகள் உள. மூன்றாவதுதான் டைமிங் பெல்ட்.

இப்பல் பெல்ட் 1940களில் அமெரிக்காவில் தையல் இயந்திரத்தின் ஊசியும் அடிநூலும் தவறாமல் சேர்ந்தியங்குவதற்காக உருவானது என்பது நம் வாசகர்க்கு இன்பமளிக்கக்கூடும். துணித்தொழிலிலிருந்தே அது மோட்டார்த் தொழிலுக்குச் சென்றது. 1962இல் ஜெர்மனியின் கிளாஸ் கம்பெனி அதைக் காரில் பொருத்தியது. மோட்டார் சைக்கிள்களில், 1974இல் கொலோன் நகரக் கண்காட்சியில் ஹோண்டா வைத்த கோல்ட் விங் வண்டிக்கு இத்தகைய பெல்ட்டுகள் இரண்டு இருந்தன. இத்தாலியின் டுகாட்டி கம்பெனியில் ஃபாபியோ டாலியோனி என்னும் பொறியியலாளர், அதுகாறும் வழங்கிய சாய்பற்சக்கரத் தண்டுகளை விடுத்து, 1970களின் இறுதியில் பாண்டா வண்டிக்குப் பெல்ட்டைக் கைக்கொண்டார். பெல்ட் மலிவானது, இலேசானது, ஓசை குறைந்தது, எண்ணெய் வேண்டாதது. ஆயினும் இரு கம்பெனிகளும் பின்னர்ச் சில வண்டிகளில் சங்கிலிக்குச் சென்றுள்ளன. 2001ஆம் ஆண்டின் கோல்ட் விங்கில் சங்கிலியே அமைந்தது.

பெல்ட்டின் உடலை அறுத்துப் பார்த்தால், செயற்கை ரப்பருக்குள் நீளவாக்கில் கண்ணாடியிழைக் கயிறுகள் ஓடுவதும், பற்களின்மேல் நைலான் துணி போர்த்தியிருப்பதும் தெரியும். இழுவையைத் தாங்குவது இவ்விழைகளே. ரப்பர் அவற்றைப் பிடித்து வைக்கிறது. வெப்பத்தாலும் ஆண்டுகளாலும் ரப்பர் இறுகி வெடிக்கும். எண்ணெய் பட்டால் ஊறிக் கெடும். மடித்தாலோ முறுக்கினாலோ உள்ளிருக்கும் கண்ணாடியிழை முறியும். அம்முறிவு வெளியே தெரியாது. தேய்ந்த சங்கிலி பலநாள் முன்னரே கடகடவென்று ஒலித்து எச்சரிக்கும். பெல்ட்டோ பெரும்பாலும் ஓசையின்றி உழைத்து, ஓசையின்றி அறுந்துவிடும்.

அறுந்தால் நிகழ்வது என்ன? காம் தண்டு நின்றுவிடும். அப்போது திறந்திருந்த வால்வு திறந்தபடியே இருக்கும். கிராங்குத் தண்டோ வண்டியின் வேகத்தால் இன்னும் சுழன்றுகொண்டிருக்கும். மேலெழும் பிஸ்டன் அவ்வால்வை மோதி வளைத்துவிடும். சில வேளை பிஸ்டனே உடையும். ஒன்றிரண்டு பல் வழுக்கினாலும் இவ்வபாயம் உண்டு. சிறு ரப்பர் வளையத்துக்குச் செலவிடத் தயங்கியவர் இயந்திரத்தின் தலைப்பாகம் முழுவதற்கும் செலவிட நேரும். ஓடும் சாலையில் இயந்திரம் திடீரென்று நிற்பதால் உயிருக்கும் ஆபத்துண்டு.

ஆதலால் மாற்றும் காலத்தைப் பார்வையால் மட்டும் தீர்மானிக்கலாகாது. கிலோமீட்டர், ஆண்டு என்னும் இரண்டு கணக்குகளுள் எது முந்துகிறதோ அதுவே தவணையாகும். டுகாட்டியின் பழைய பெல்ட் வண்டிகளுக்கு 20,000 கி.மீ. அல்லது 2 ஆண்டு என்ற அளவு வழங்கியது. பிற்கால வண்டிகள் சிலவற்றுக்கு 24,000 அல்லது 30,000 கி.மீ.யும் 5 ஆண்டும் எனத் தவணை நீண்டுள்ளது. ஒரு வண்டியின் தவணையை வேறொன்றுக்குக் கொள்ளாமல் அவ்வண்டியின் கையேட்டையே நம்பவேண்டும். குறைந்த தூரமே ஓடியது என்று பழைய வண்டி வாங்குவோர் மகிழ்வர். கொட்டகையில் ஏழாண்டு நின்ற வண்டியின் பெல்ட், ஒரே இடத்தில் வளைந்தவாறு ஏழாண்டு முதிர்ந்த பெல்ட்டே என்பதை அவர் மறக்கலாகாது. பழைய பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்பதற்குச் சீட்டு இல்லையெனில், மாற்றப்படவில்லை என்றே கொண்டு உடனே மாற்றுவது நலம். வெடிப்பு, பல் தேய்வு, ஓரப் பிசிறு, எண்ணெய்க் கறை ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் தவணைக்குக் காத்திருத்தல் கூடாது.

மாற்றும்போது பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் உருளையின் பேரிங்கையும் சோதிக்கவேண்டும். அது இறுகினால் புதிய பெல்ட்டும் அழியும். சக்கரக் குறிகள் நேர்ப்பட்ட பின், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, கிராங்குத் தண்டைக் கையாலேயே மெல்ல இரண்டு முழுச் சுற்றுச் சுற்றிக் குறிகளை மீண்டும் ஒத்துப் பார்ப்பது முறை. இடையில் தடை தோன்றினால் பலவந்தம் செய்யலாகாது. தொய்வும் தீது, மிகை இறுக்கமும் தீது. அளவு கையேட்டில் உண்டு.

இனி நம் அங்கத்தினர் ஓட்டும் வண்டிகளைப் பற்றி. நம் ஊர்களில் ஓடும் சாதாரண நான்கு வீச்சு மோட்டார் சைக்கிள்களிலும் ஸ்கூட்டர்களிலும் டைமிங் வேலையைச் செய்வது சங்கிலியே. பழைய புல்லட்டில் பற்சக்கரங்கள். பழைய இரு வீச்சு மொபெட்டுக்கு இத்தகைய வால்வுகளே இல்லை. சங்கிலிக்கு உயிர் எண்ணெய்தான். அதைக் காலத்தில் மாற்றி, காலையில் கிளப்பும்போது கடகட ஓசை கேட்டால் சங்கிலியையும் அதன் இறுக்கியையும் பார்க்கச் செய்யவேண்டும். ஸ்கூட்டரில் உள்ள பெல்ட், இயந்திரத்தின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்வது. அது அறுந்தால் இயந்திரம் ஓடும், வண்டி நகராது, வால்வுகளுக்குத் தீங்கில்லை. ஆனால் துணிமூட்டையோ காய்கறிக் கூடையோ ஏற்றிச் செல்பவர் நடுவழியில் நிற்கவேண்டிவரும். 24,000 கி.மீ. அளவில் அதை மாற்றச் சொல்லும் கையேடுகள் உண்டு. நாள்தோறும் பாரம் ஏற்றுவோர் முன்னதாகவே மூடியைத் திறந்து பார்ப்பது நன்று.

சங்கங்களின் காரியதரிசிகள் இத்தகைய செலவுக்குச் சீட்டு எழுதுகையில் வண்டியின் எண், ஓடிய கிலோமீட்டர், 'டிரைவ் பெல்ட்' அல்லது 'டைமிங் சங்கிலி' என்று உறுப்பின் சரியான பெயர் ஆகியவற்றைக் குறித்து, கழற்றிய பழைய உறுப்பை அடுத்த ஆய்வு முடியும்வரை அலுவலகத்தில் வைத்திருப்பார்களாக. மேற்சொன்ன சங்கத்தில் அப்பழைய பெல்ட் இப்போது வவுச்சர் கட்டின்மேல் ஆணியில் தொங்குகிறது.