ஒரு குப்பி ரத்தம் எவ்வளவு சொல்லும்?

ரத்த அழுத்தம் என்றதும் மேல்கையில் பட்டையைக் கட்டி அளப்பதுதான் நம் நினைவுக்கு வரும். அந்தப் பட்டையால் அளக்க முடியாத அழுத்தம் ஒன்றும் நம் உடலில் உண்டு. இதயத்தின் வலப்பக்கத்திலிருந்து நுரையீரலுக்கு ரத்தம் கொண்டுசெல்லும் குழாய்களில் உள்ள அழுத்தம் அது. அதன் சராசரி வழக்கமாக 14 மில்லிமீட்டர் பாதரசத்தை ஒட்டியிருக்கும். ஓய்வாக இருக்கும்போதே 20ஐத் தாண்டினால் அது நுரையீரல் உயர் ரத்த அழுத்தம்.

இதன் முதல் அறிகுறிகள் மூச்சிரைப்பும் களைப்பும்தான். மின்தூக்கி பழுதாகி மாடிப்படி ஏறினால் யாருக்குத்தான் மூச்சு வாங்காது? உடற்பயிற்சி போதவில்லை, ஆஸ்துமாவாக இருக்கலாம் என்று எண்ணியே மாதங்கள் ஓடிவிடும். அதற்குள் வலப்பக்க இதயம் தளரத் தொடங்கிவிடும்.

நோயை உறுதிசெய்ய, மெல்லிய குழாயை ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குள் செலுத்தி அழுத்தத்தை நேரடியாக அளக்கவேண்டும். 1929ல் ஜெர்மானிய மருத்துவர் வெர்னர் ஃபோர்ஸ்மன் இந்தக் குழாயைத் தம் கை வழியாகவே இதயம்வரை செலுத்திப் பார்த்தார். 1956ல் வேறு இருவருடன் நோபெல் பரிசும் பெற்றார். ஆனால், மூச்சிரைப்புடன் வரும் எல்லாருக்கும் இதைச் செய்ய முடியாது. அதனால்தான் ரத்தப் பரிசோதனைமீது அத்தனை எதிர்பார்ப்பு.

உயிரிமருத்துவ அறிவியல் படிக்கும் எனக்கு இதுபற்றிய கேள்வி வீட்டிலிருந்தே வந்தது. என் சித்திக்குத் தோலை இறுகச்செய்யும் ‘ஸ்கிளிரோடெர்மா’ நோய் உண்டு. இந்நோய் உள்ளவர்களுக்கு நுரையீரல் அழுத்தம் உயரும் ஆபத்து அதிகம் என்பதால் அவருக்கு ஆண்டுதோறும் பரிசோதனை நடக்கும். இவ்வாண்டு ரத்த முடிவைப் பார்த்துவிட்டு, “ரத்தம் நல்லா இருக்குன்னு வந்துடுச்சு, இன்னும் எக்கோ ஸ்கேன் எதுக்கும்மா?” என்று கேட்டார்.

அவருடைய ரத்தத்தில் அளந்தது ‘என்டி-புரோபிஎன்பி’ என்னும் புரதத் துண்டை. இதயத்தின் சுவர் அழுத்தத்தால் இழுபடும்போது அதன் தசை அணுக்கள் 108 அமினோ அமிலங்கள் கொண்ட புரதத்தைச் சுரக்கின்றன. அது இரண்டாகப் பிளவுபடும். 32 அமினோ அமிலங்கள் கொண்ட துண்டு ‘பிஎன்பி’. உப்பையும் நீரையும் வெளியேற்றச் செய்து இதயத்தின் சுமையை அது குறைக்கிறது. மற்ற 76தான் என்டி-புரோபிஎன்பி. ரத்தத்தில் நெடுநேரம் தங்குவதால் அதை அளப்பது எளிது. பிஎன்பியை 1988ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பன்றியின் மூளையில் கண்டறிந்ததால், அதன் ஆங்கிலப் பெயரில் இன்றும் மூளை ஒட்டிக்கொண்டிருக்கிறது!

இதயம் சிரமப்படுகிறது என்பதை இந்த எண் சொல்லும். ஏன் என்று சொல்லாது. இடப்பக்க இதயம் பலவீனமானாலும், சிறுநீரகம் பழுதானாலும், வயது ஏறினாலும் எண் உயரும். உடல் பருமன் உள்ளவர்களுக்கு அது குறைவாகக் காட்டலாம். நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள். ஆனால், எந்த வீட்டில் நெருப்பு என்பதைப் புகை சொல்லாது. நெருப்பு பற்றிய முதல் நிமிடத்தில் புகை தெரியாமலும் போகலாம். வலப்பக்க இதயம் சமாளித்துக்கொண்டிருக்கும் தொடக்கக் கட்டத்தில் என்டி-புரோபிஎன்பியும் அப்படித்தான். இதைச் சொன்னதும் சித்தி ஸ்கேனுக்குச் சம்மதித்தார்.

அப்படியென்றால் ரத்தப் பரிசோதனை வீணா? இல்லை. ஸ்கிளிரோடெர்மா நோயாளிகளுக்கான ‘டிடெக்ட்’ என்னும் கணிப்புமுறை, இந்த எண்ணுடன் யூரிக் அமிலம், ஒருவகை எதிர்ப்புப் புரதம், நுரையீரல் செயல்திறன், இசிஜி போன்றவற்றையும் சேர்த்துப் பார்த்து, யாருக்கு எக்கோ தேவை என்று முடிவுசெய்ய உதவுகிறது. நுரையீரல் தமனிகளே பாதிக்கப்பட்டு நோய் உறுதியானவர்களுக்கு, லிட்டருக்கு 300 நேனோகிராமுக்குக் கீழே இருந்தால் ஆபத்து குறைவு, 1,100ஐத் தாண்டினால் அதிகம் என்று 2022ஆம் ஆண்டின் ஐரோப்பிய வழிகாட்டி வகுத்துள்ளது. மற்றச் சோதனைகளுடன் இதையும் சேர்த்துப் பார்த்தே மருத்துவர்கள் சிகிச்சையை மாற்றுகிறார்கள்.

இதயம் சிரமப்படும்வரை காத்திராமல், நுரையீரல் ரத்தக்குழாய் மாறத் தொடங்கும்போதே காட்டிக்கொடுக்கும் குறியீடு ஒன்றைத்தான் ஆய்வாளர்கள் தேடுகிறார்கள். உயிரியல் படிக்கும் நண்பர்களே, அந்தத் தேடலில் நமக்கும் இடமுண்டு.

அதுவரை நம்மால் முடிந்தது ஒன்று. முன்பு எளிதாக ஏறிய படிகளில் உங்களுக்கோ வீட்டில் உள்ளவர்களுக்கோ இப்போது மூச்சு வாங்கினால், எப்போதிலிருந்து, எத்தனை மாடி ஏறினால் என்று குறித்துவைத்து மருத்துவரிடம் சொல்லுங்கள். எந்தப் பரிசோதனை தேவை என்று அவர் முடிவுசெய்ய அந்த விவரம்தான் முதலில் உதவும்.